சுகுமார் ராயின் அபத்தப் பாடல்களும் அச்சுக்கலையும்: ‘ஆபோல் தாபோல்’ நூலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வங்க மொழியில் அபத்தப் பாடல் என்னும் வகைமையை நிலைபெறச் செய்தவர் சுகுமார் ராய் (1887–1923). கவிஞர், ஓவியர் என அறியப்பட்ட அளவிற்கு அவர் அச்சுத் தொழில்நுட்ப அறிஞராக அறியப்படவில்லை. அவருடைய பாடல்களையும் படங்களையும் தனித்தனியே ஆராயும் போக்கினால் அவை உருவான சூழல் மறைந்துபோகின்றது. எழுத்து, ஓவியம், அச்சு ஆகிய மூன்றும் அவரிடத்தில் ஒரே பணியின் கூறுகளாக இயங்கிய முறையினை இக்கட்டுரை ஆராய்கின்றது. அவருடைய பாடல்களை அரசியல் உருவகங்களாக மட்டும் வாசிப்பதில் உள்ள இடர்ப்பாட்டினையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: சுகுமார் ராய், ஆபோல் தாபோல், ஹஜபரல, சந்தேஷ் இதழ், ஹாஃப்டோன், அபத்தப் பாடல், வங்கச் சிறார் இலக்கியம்

முன்னுரை

1923ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கல்கத்தாவில் சுகுமார் ராய் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. ‘ஆபோல் தாபோல்’ என்னும் அவருடைய பாடல் தொகுதி செப்டம்பர் 19ஆம் நாள் வெளிவந்தது. நோய்ப்படுக்கையில் இருந்தவாறே அதன் பாடல்களைத் தேர்ந்து, திருத்தி, படங்களை வரைந்து, பக்க அமைப்பு முதல் அட்டை வரை அனைத்தையும் வகுத்துக் கொடுத்தவர் அவரே. ஆயினும் அச்சாகிய நூலை அவர் காணவில்லை. அவர் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புகளுள் பெரும்பகுதி ‘சந்தேஷ்’ என்னும் சிறார் இதழின் பக்கங்களிலேயே இருந்தது. வங்கத்தில் இன்று ஒவ்வொரு குழந்தையும் மனப்பாடமாகச் சொல்லும் பாடல்களின் ஆசிரியர், அப்பாடல்கள் நூலாகும் முன்னரே மறைந்தார்.

‘நான்சென்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முற்றும் பொருந்தும் சொல் இல்லை. ‘அபத்தப் பாடல்’ என்பது இக்கட்டுரையில் ஒரு வசதிக்காகவே எடுத்தாளப்படுகின்றது. ‘ஆபோல் தாபோல்’ என்ற வங்கத் தொடர் உளறல், பிதற்றல் என்னும் பொருளில் வழங்குவது. தம் நூலுக்குச் சுகுமார் எழுதிய மிகச் சிறிய முன்னுரை இவ்வகையில் கருதத்தக்கது. இந்நூல் ‘கேயால்’ என்னும் சுவைக்கு உரியது என்றும், அச்சுவையை நுகர இயலாதார்க்கு இது உரியதன்று என்றும் அவர் அதில் குறிப்பிடுகின்றார். கேயால் என்பது மனம் போன போக்கிலான கற்பனையைக் குறிக்கும். ஒன்பது சுவைகளை எண்ணும் வடமொழி மரபிற்குள் பத்தாவதாக ஒன்றை அவர் விளையாட்டாக நுழைக்கின்றார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் பயின்றவர்க்கு இவ்விடத்தில் ஒரு வினா எழும். எள்ளல், பேதைமை முதலாக நகைக்கு அங்குக் கூறப்படும் நிலைக்களன்களுள் இதனை அடக்கிவிடலாகாதா? அடக்கினாலும் எச்சம் ஒன்று நிற்கும் என்பதே சுகுமாரின் கருத்து எனலாம். அவருடைய பாடல்களில் எள்ளப்படுவோர் இல்லாத இடங்களிலும் நகை பிறக்கின்றது.

அச்சகத்தில் பிறந்த மரபு

சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863–1915) எழுத்தாளர், ஓவியர், இசை வல்லுநர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய இராமாயண நூலின் படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வந்ததைக் கண்டு மனம் வருந்தியதே அவரை அச்சுத் தொழிலுக்குள் கொண்டுவந்தது என்பர். 1895இல் இலண்டனிலிருந்து கருவிகளைத் தருவித்துத் தாமே படக்கட்டைகள் செய்யத் தொடங்கினார். பின்னர் யு. ராய் அண்டு சன்ஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

அக்காலத்து ஹாஃப்டோன் முறையின் இயல்பைச் சற்று விரிவாகக் காண்பது இங்கு இன்றியமையாதது. எழுத்தச்சில் ஒரு புள்ளியில் மை இருக்கும் அல்லது இராது. இடைப்பட்ட சாம்பல் நிறத்திற்கு அங்கு இடமில்லை. ஆகவே ஒளிப்படம் ஒன்றை எழுத்துகளோடு சேர்த்து அச்சிட வேண்டுமாயின், அதன் நிழல்களையெல்லாம் சிறியவும் பெரியவுமான புள்ளிகளாக உடைத்தாக வேண்டும். நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இடப்பட்ட கண்ணாடித் திரை ஒன்றைப் படக்கருவியில் ஒளித்தகட்டின் முன் சிறிது இடைவெளி விட்டு நிறுத்துவதன் வாயிலாக இது நிகழ்கின்றது. திரைக்கும் தகட்டிற்கும் உள்ள தொலைவு, வில்லையின் துளை அளவு, ஒளிபடும் நேரம் ஆகியவற்றின் விகிதம் சிறிது பிறழ்ந்தாலும் படம் கறைபட்டோ வெளிறியோ போய்விடும். ஐரோப்பியத் தொழிலாளர் பலரும் பழக்கத்தாலும் ஊகத்தாலும் இதனைச் செய்துவந்த காலத்தில், உபேந்திரகிஷோர் கல்கத்தாவில் இருந்துகொண்டு ஒளியின் விளிம்பு விலகல், திரைக்கோடுகளின் கோணம், துளைகளின் வடிவம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அவருடைய கட்டுரைகள் இலண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டு மலரில் தொடர்ந்து இடம்பெற்றன. குடியேற்ற நாட்டிலிருந்து மூலப்பொருளும் குடியேற்ற ஆட்சியாளரின் நாட்டிலிருந்து தொழில்நுட்பமும் என்னும் வழக்கமான ஓட்டம் இங்கு ஒருமுறை திசைமாறியது.

இத்தகைய இல்லத்தில் 1887 அக்டோபர் 30இல் பிறந்த சுகுமார், மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் சிறப்புப் பாடங்களாகப் பயின்றார். கல்லூரிக் காலத்தை ஒட்டி அவர் தொடங்கிய ‘நான்சென்ஸ் கிளப்’ நண்பர்களும் உறவினரும் கூடி நாடகம் நடித்த ஒரு சிறு குழுவாகும். அதற்கென ‘முப்பத்திரண்டரை வறுவல்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு கையெழுத்து இதழும் நடந்தது. ‘ஜாலாபாலா’, இராமாயணத்தில் இலக்குவன் வேல்பட்டு வீழும் பகுதியைக் கேலியாக்கிய ‘லக்ஷ்மணேர் சக்திசேல்’ ஆகிய நாடகங்கள் இக்குழுவிற்காக எழுதப்பட்டவை.

1911இல் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகை பெற்று அவர் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் ஒளிப்படச் செதுக்கு மற்றும் கல்லச்சுப் பள்ளியிலும், பின்னர் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியிலும் பயின்றார். ஹாஃப்டோன் செய்திகளைத் தொகுத்துரைக்கும் கட்டுரை ஒன்றையும், அச்சிற்குரிய மூலப்படத்தை நெறிப்படுத்துவது பற்றிய கட்டுரை ஒன்றையும் தந்தை எழுதிய அதே பென்ரோஸ் மலரில் எழுதினார். இரவீந்திரநாத தாகூர் இங்கிலாந்தில் இருந்த அந்நாட்களில், தாகூரின் படைப்புள்ளம் குறித்து ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அது 1913இல் ‘குவெஸ்ட்’ இதழில் வெளியாயிற்று. 1922இல் அரச ஒளிப்படக் கழகத்தின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளில் இச்செய்திகள் ஒரு வரியில் கூறி முடிக்கப்படுவதே வழக்கம். அவ்வாறு கடந்து செல்வது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஒரே கூரையின் கீழ்

1913இல் சுகுமார் நாடு திரும்பும் முன்னரே உபேந்திரகிஷோர் ‘சந்தேஷ்’ இதழைத் தொடங்கியிருந்தார். ‘சந்தேஷ்’ என்பது செய்தியையும் குறிக்கும், வங்கத்தின் பால் இனிப்பையும் குறிக்கும். 100, கார்பார் சாலையில் எழுந்த புதிய கட்டடத்தில் குடும்பம் வாழ்ந்தது. அச்சகம், படக்கட்டைப் பிரிவு ஆகியனவும் அங்கேயே இயங்கின. 1915 டிசம்பரில் தந்தை மறைந்தபின் இதழாசிரியப் பொறுப்பும் நிறுவனப் பொறுப்பும் சுகுமாரை வந்தடைந்தன.

இவ்விடத்தில் ஆங்கில அபத்த இலக்கியத்தின் இரு முன்னோடிகளோடு அவரை ஒப்புநோக்குதல் தகும். லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளுக்குப் படம் வரைந்தவர் ஜான் டென்னியல். படைப்பாளிக்கும் ஓவியருக்கும் இடையே கருத்து வேற்றுமைகளும் இருந்தன. எட்வர்ட் லியர் தாமே வரைந்தவர். எனினும் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் கோடுகள் டால்சியல் சகோதரர்களின் மரக்கட்டைச் செதுக்கலின் வழியாகவே அச்சேறின. சுகுமாரிடம் இவ்விடைவெளிகள் பெரும்பாலும் இல்லை. பாடலை எழுதியவர், படத்தை வரைந்தவர், கட்டை செய்யும் முறையை அறிந்தவர், அச்சகத்தை நடத்தியவர், இதழின் ஆசிரியர் என ஐந்து நிலைகளிலும் அவரே நின்றார். அடுத்த இதழில் ஒரு பக்கத்தின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருப்பின் அதற்குரிய பாடலும் படமும் அந்த வீட்டிற்குள்ளேயே உருவாக இயலும். பத்திரிகையின் மாதக்கெடு இக்கவிதைகளின் பிறப்பில் கொண்ட பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

ஓவியத்தில் சுகுமார் முறையான பயிற்சி பெற்றவரல்லர். உடற்கூற்றுச் செம்மையை அளவுகோலாகக் கொண்டால் அவர் படங்களில் குறை காண இயலும். ஆயின் ‘இராமகருடக் குஞ்சுகள்’ என்னும், சிரிப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட உயிரினத்தின் முகத்தைக் கண்டவர் எவரும் அதனை மறப்பதில்லை. இல்லாத விலங்கு ஒன்றினை வரையும்போது அது இருந்தால் இவ்வாறுதான் அமர்ந்திருக்கும் என்று நம்பவைப்பதே அவர் கோட்டின் ஆற்றல். இந்திய ஓவியம் இயற்கையோடு ஒத்திருத்தலைப் புறக்கணிக்க வேண்டும் என்பது போன்ற கருத்துகள் வங்க ஓவிய இயக்கத்தைச் சூழ்ந்து வலுப்பெற்ற நாட்களில், ‘பிரபாசி’ இதழில் அதனை மறுத்து வாதிட்டவர் அவர். விந்தை விலங்குகளை வரைந்தவரே இயற்கைத்தன்மைக்காக வழக்காடினார் என்பதில் முரண் ஏதுமில்லை. நம்பத்தக்க உடலின்றி விந்தை நிற்காது.

சொற்புணர்ச்சியும் உருப்புணர்ச்சியும்

1915இன் தொடக்கத்தில் ‘சந்தேஷ்’ இதழில் வெளியான ‘கிச்சுரி’ (கிச்சடி) என்னும் பாடலிலிருந்தே ஆபோல் தாபோல் வகைப் பாடல்கள் தொடங்குகின்றன. இதில் விலங்குகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்கின்றன. வாத்தைக் குறிக்கும் ‘ஹாஸ்’ என்பதும் முள்ளம்பன்றியைக் குறிக்கும் ‘சஜாரு’ என்பதும் சேர்ந்து ‘ஹாஸ்ஜாரு’ ஆகின்றன. கொக்கைக் குறிக்கும் ‘பக்’, ஆமையைக் குறிக்கும் ‘கச்சப்’ ஆகியன ‘பகச்சப்’ ஆகின்றன. யானையாகிய ‘ஹாதி’யும் திமிங்கிலமாகிய ‘திமி’யும் ‘ஹாதிமி’ என்றாகின்றன.

இச்சேர்க்கை இலக்கணத்தைப் பொருட்படுத்தாமல் நிகழ்வதாகப் பாடலே குறும்பாக அறிவித்துக்கொள்கின்றது. உண்மையில் நிகழ்வது அதற்கு நேர்மாறானது. மூன்று சொற்களிலும் நிலைமொழியின் இறுதி ஒலியும் வருமொழியின் முதல் ஒலியும் ஒன்றாகவோ மிக நெருங்கியோ அமைந்திருக்கின்றன. ‘பக்’ முடியும் ககரத்திலேயே ‘கச்சப்’ தொடங்குகின்றது. ‘ஹாதி’யின் ஈற்றெழுத்தே ‘திமி’யின் முதலெழுத்து. இரண்டனுள் ஒன்று கெட்டு ஒன்று நிற்கின்றது. புணர்ச்சி விதிகளைக் கற்றவர்க்கு இக்கூட்டுச் சொற்கள் ஒழுங்கின்மையாகத் தோன்றா. விதியை மிகையான நேர்மையோடு பின்பற்றினால் விளையும் அபத்தம் இது. படங்களும் சொல்லின் வரிசையைப் பின்பற்றுகின்றன. நிலைமொழிக்குரிய விலங்கு தலையாகவும் வருமொழிக்குரியது உடலாகவும் வாலாகவும் அமைகின்றது. யானையின் முகம் மீனுடலாக மாறும் இடம் சொல்லில் இரு ஒலிகள் ஒன்றாகும் இடமே. படத்தை நீக்கிப் பாடலை மட்டும் அச்சிடும் பிற்காலத் தொகுப்புகள் இழப்பது இந்த இணைவையே.

‘ஹஜபரல’ என்னும் உரைநடைக் கதை 1922இல் ‘சந்தேஷ்’ இதழில் தொடராக வந்தது, 1924இல் நூலாயிற்று. கைக்குட்டை பூனையாவது, நாற்பது வயதானதும் வயதைத் திருப்பிக் குறைத்து எண்ணுவது, பலகையில் கணக்கிடும் காகம் என விரியும் இக்கதையில் ஆலிஸ் கதையின் தடம் வெளிப்படை. அதனை மறைக்க முயல்வதில் பயனில்லை. ஆயினும் அதனைத் தழுவல் என்று ஒதுக்குவோர் தலைப்பையே கவனிக்கத் தவறுகின்றனர். பாணினியின் இலக்கணத்திற்கு அடிப்படையான மாகேசுவர சூத்திரங்களுள் ‘ஹயவரட்’, ‘லண்’ என்பன அடுத்தடுத்து வருபவை. குறியீட்டு மெய்களை நீக்கினால் எஞ்சுவது ‘ஹ ய வ ர ல’. வங்க ஒலிப்பில் யகரம் ஜகரமாகவும் வகரம் பகரமாகவும் மாறிட, அது ‘ஹஜபரல’ ஆகின்றது. வங்கப் பேச்சில் இத்தொடர் தாறுமாறு, குழப்பம் என்னும் பொருளில் முன்னரே வழங்கிவந்தது. மொழியின் ஒலிகளை ஒழுங்குபடுத்தப் பிறந்த சூத்திரமே ஒழுங்கின்மையின் பெயராகிவிட்டது. பாடசாலையில் பொருளறியாது உருப்போட்ட தலைமுறைகளின் பழிவாங்கல் அது போலும். சுகுமார் அதனைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. அக்கதையில் வரும் ஆட்டின் பெயர் ‘வியாகரண் சிங்’. ‘பியா’ என்று நன்றாகக் கத்துவதால் வியாகரண் (வங்க ஒலிப்பில் ‘பியாகரண்’). கொம்பு இருப்பதால் சிங். தன்னைப் பட்டதாரி என்றும் அது அறிமுகப்படுத்திக்கொள்கின்றது.

சட்டமும் அபத்தமும்

ஹஜபரலவின் இறுதிப் பகுதி ஒரு நீதிமன்றக் காட்சி. ஆந்தை நடுவராக அமர்கின்றது; முதலையும் நரியும் வழக்குரைக்கின்றன; கூலிக்குச் சாட்சிகள் அழைக்கப்படுகின்றனர். குற்றவாளி எனக் கருதப்பட்டவனுக்கு மூன்று மாதச் சிறையும் ஏழு நாள் தூக்கும் விதிக்கப்படுகின்றன. ‘ஏகுஷே ஆயின்’ (இருபத்தொன்றின் சட்டம்) என்னும் பாடலில் சிவனின் நாட்டில் வழுக்கி விழுந்தவன்கூடக் காவலரால் பிடிக்கப்படுகின்றான். மாலை ஆறு மணிக்கு முன் தும்முவதற்கு அனுமதிச்சீட்டு தேவைப்படுகின்றது. தண்டனைகள் எல்லாம் இருபத்தொன்று என்னும் எண்ணைச் சுற்றியே அமைகின்றன.

ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் நிகழ்ந்த காலத்தை ஒட்டியவை இப்படைப்புகள். ஆதலின் இவற்றைக் குடியேற்ற ஆட்சியின் மீதான அங்கதமாகக் காணும் வாசிப்பு வலுவானதே. ஆங்கிலோ இந்தியரையும் ஆங்கிலமயமானோரையும் இழிவாகச் சுட்ட வழங்கிய ‘டேஷ்’ என்னும் சொல்லைத் தாங்கிய ‘டேஷ் கொரு’ பாடலின் மாட்டை அலுவலகத்தில் காணலாம் என்று கூறப்படும்போது குறிப்பு மறைவாக இல்லை. மீசை திருடுபோய்விட்டதென்று கூச்சலிடும் தலைமை எழுத்தரும் அவ்வுலகத்தவரே. எனினும் ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் அரசியல் திறவுகோல் தேடும் போக்கு அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளது. பொம்பாகட்டின் அரசன் மாம்பழ வற்றலைப் படச்சட்டத்தில் இட்டுத் தொங்கவிடுவதற்கு எந்த வைசிராயைப் பொறுப்பாக்குவது? ஆசிரியரே கேயால் சுவை என்று வரையறுத்த பின் அதனை முற்றிலும் உருவகமாகக் கரைப்பது, அவர் நுழைத்த புதிய சுவையைப் பழைய கணக்கிலேயே மீண்டும் எழுதுவதாகும்.

வேறொரு தொடர்பு இவற்றினும் உறுதியானது. ஒளியின் அளவையும் திரையின் தொலைவையும் நெறிப்படுத்த முயன்ற அதே உள்ளம்தான், நெறி தன் பொருளை இழந்து எண்ணாக மட்டும் எஞ்சும் நாட்டைக் கற்பனை செய்தது. நடப்பவனின் முகத்திற்கு எதிரே உணவைத் தொங்கவிட்டு அவனை ஓடவைக்கும் ‘சித்தப்பாவின் எந்திரம்’ பற்றிய பாடலும் அதன் படமும், எந்திரங்களோடு நாள்தோறும் பழகிய ஒருவரே எண்ணத்தக்கவை. அளவீட்டை அறியாதவர் இத்தகைய கேலியைச் செய்ய இயலாது.

இறுதி ஆண்டுகள்

கார்பார் சாலை நாட்களில் சுகுமாரைச் சூழ்ந்த ‘மண்டே கிளப்’ வங்க அறிவுலகின் ஒரு குறுக்குவெட்டு எனலாம். கவிஞர் சத்தியேந்திரநாத் தத்தா, மொழியியலாளர் சுநீதிகுமார் சட்டர்ஜி, புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆகியோர் அதில் கூடினர். உணவின் பொருட்டு அதனை ‘மண்டா’ என்னும் இனிப்பின் பெயரால் கேலியாக அழைப்பதும் உண்டு. கூட்ட அழைப்பிதழ்களைச் சுகுமாரே நகைச்சுவைச் செய்யுளாக எழுதி அச்சிட்டார்.

1921 மே 2இல் மகன் சத்யஜித் பிறந்தார். அவ்வாண்டிலேயே சுகுமாரைக் காலா ஆசார் நோய் பற்றியது. மணல் ஈயால் பரவி, மண்ணீரலைப் பெருக்கவைத்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் தந்து ஆண்டுக்கணக்கில் உடலை அரிக்கும் நோய் அது. வங்கத்திலும் அசாமிலும் ஊர்களையே வெறுமையாக்கியது. அதே கல்கத்தாவில், கேம்பெல் மருத்துவமனையின் சிறு அறையொன்றில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டறிந்திருந்தார். அதன் பயன் குறித்த அவருடைய ஆய்வு 1922இல் வெளியாயிற்று. மருந்து பரவலான பயன்பாட்டிற்கு வந்து இறப்பு விகிதத்தைப் பெரிதும் குறைத்தது அதன் பின்னரே.

நோயின் இரண்டரை ஆண்டுகள் அவருடைய படைப்பின் உச்சமாகவும் அமைந்தன. ஹஜபரலவும், கோனன் டாயிலின் புதினமொன்றைக் கேலி செய்யும் ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ம், ஆபோல் தாபோலின் இறுதிப் பாடலும் இக்காலத்தவை. தொகுதியின் முதற்பாடலும் கடைசிப் பாடலும் நூலின் பெயரையே தலைப்பாகக் கொண்டவை. கடைசிப் பாடலில் விளையாட்டின் ஊடே உறக்கமும் முடிவும் எட்டிப் பார்க்கின்றன. சாவின் எதிரே நின்று இவ்வாறு நகைத்தவர் வேறு எவரும் உளரோ என வியந்து சத்யஜித் ராய் எழுதியதும் இப்பாடலைக் கருதியே. தாகூர் நோயாளியைக் காண வந்து, அவர் விருப்பப்படி பாடல்கள் பாடினார்.

சுகுமாரின் மறைவிற்குப்பின் தம்பி சுபினய் இதழையும் நிறுவனத்தையும் சில காலம் தாங்கினார். 1920களின் பிற்பகுதியில் யு. ராய் அண்டு சன்ஸ் கடனில் முறிந்தது. இதழ் நின்றது. சிறுவன் சத்யஜித்தை அழைத்துக்கொண்டு தாய் சுப்ரபா தம் உடன்பிறந்தாரின் இல்லம் சேர்ந்தார். கார்பார் சாலைக் கட்டடம் பின்னாளில் பள்ளியாயிற்று. தாகூரின் முன்னுரையுடன் ‘பாக்லா தாசு’ கதைகள் 1940இல் நூலாயின. ‘காய் காய்’ 1950இல் வந்தது. 1961இல் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் ‘சந்தேஷ்’ இதழுக்கு மீண்டும் உயிரளித்தனர். அவ்விதழுக்காகவே சத்யஜித் சிறார்க்கு எழுதவும் வரையவும் தொடங்கினார். துப்பறிவாளர் ஃபெலூதாவும் பேராசிரியர் ஷொங்குவும் பிறந்தது அதன் பக்கங்களில்தான்.